மறுக்கத் தெரியாத துணை

இயந்திர மனிதரைப் பற்றிய கதை என்றாலே அது சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. விண்கலத்துக்கும் இரும்பு உடலுக்கும் இலக்கியத்தில் என்ன வேலை என்று கேட்கும் பெரியவர்களை நாம் அறிவோம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தவர்கள்தாம். ஆனால் அண்மையில் இவ்வகை நூல்கள் சிலவற்றை ஒருசேர எடுத்து வைத்துக்கொண்டு படித்தபோது, நம் எண்ணத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. இவற்றில் சிறந்தவை விண்வெளியைப் பற்றிப் பேசவில்லை. வீட்டைப் பற்றிப் பேசுகின்றன. எஜமானன் யார், ஏவலாள் யார், பிள்ளை யார், பிள்ளையின் தோழன் யார் என்ற பழைய கேள்விகளையே புதிய உடையில் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

இந்நூல்களை ஆராய்வோர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றே: இயந்திரத்துக்கு மனம் உண்டா? அது சுவையான கேள்விதான். ஆயினும் அதற்கு விடை காண்பது கதாசிரியரின் பணியன்று. அவரால் இயலுவதும் அன்று. கதாசிரியரால் காட்டக்கூடியது வேறொன்று உண்டு. சொன்னதையெல்லாம் செய்கின்ற, மறுக்கத் தெரியாத ஒரு துணையோடு நாளெல்லாம் வாழ்கின்ற மனிதனின் மனம் என்னவாகும் என்பதே அது. இந்த ஒரு கேள்வியை உரைகல்லாகக் கொண்டு நான்கு ஆசிரியர்களை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் மூலம் என்று கொள்ளத்தக்கது, செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' என்னும் நாடகம். 1921 ஜனவரித் திங்களில் பிராக் நகரத் தேசிய அரங்கில் அது நடிக்கப்பெற்றது. இன்று உலக மொழிகள் பலவும் வழங்கும் 'ரோபோ' என்ற சொல்லை நாட்டுக்குத் தந்த நாடகம் அதுவே. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் சாபெக்கின் தமையனாரான ஓவியர் ஜோசப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்பது நிலப்பிரபுவுக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய வேலை. நம் பழைய கல்வெட்டுகள் 'வெட்டி' என்று குறிக்கும் ஊழியத்தை ஒத்தது அது. ஆக, ரோபோ என்ற பெயருக்குள் இரும்பு இல்லை. கூலியில்லா உழைப்பே இருக்கிறது. நாடகத்தில் வரும் ரோபோக்களும் இரும்பால் ஆனவை அல்ல. உயிர்ப்பொருள் போன்ற ஒரு கலவையால் செய்யப்பட்டு, பார்வைக்கு மனிதரைப் போலவே இருப்பவை.

அந்த ரோபோக்களைச் செய்யும் தீவுத் தொழிற்சாலைக்கு ஹெலனா என்னும் இளம்பெண் வருகிறாள். அவற்றுக்கு உரிமை பெற்றுத் தர வேண்டும் என்பது அவள் எண்ணம். தன் எதிரே நிற்கும் எழுத்தர்ப் பெண்ணை மனுஷி என்று நம்பிப் பரிவோடு பேசுகிறாள், அவளோ ரோபோ. பின்னர் வரும் நிர்வாகிகளை ரோபோக்கள் என்று நம்பி, அவர்களின் அடிமை நிலைக்காக இரங்குகிறாள், அவர்களோ மனிதர்கள். அரங்கில் சிரிப்பை எழுப்பும் காட்சி இது. ஆனால், ஏவல் செய்பவனையும் ஏவுபவனையும் முகத்தை வைத்துப் பிரித்தறிய முடியாத நாள் வரும் என்று அன்றே சொல்லிவைத்த காட்சியும் இதுவே.

தொழிற்சாலையின் தலைவன் டோமின் கொடியவன் அல்லன். மனிதகுலத்தை உழைப்பின் நுகத்தடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதே அவன் கனவு. பத்தாண்டுகள் கழிகின்றன. கனவு பலித்துவிடுகிறது. மனிதர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அவர்களிடையே குழந்தைகள் பிறப்பதே நின்றுபோகிறது. கிளர்ந்தெழும் ரோபோக்களோ மனிதர் அனைவரையும் அழித்து, தம்மைப் போலவே கையால் உழைப்பவர் என்பதற்காக அல்குவிஸ்ட் என்ற கட்டடக் கலைஞரை மட்டும் உயிரோடு விடுகின்றன. இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ராடியஸ் என்னும் ரோபோவின் ஆசையை. அவன் கேட்பது விடுதலையன்று. பிறர்மீது ஆட்சி செய்யும் எஜமானனாகவே ஆக வேண்டும் என்கிறான். மனிதர்களிடம் வாழ்ந்து அவன் கற்ற பாடம் அது ஒன்றுதானே! பணிவிடையைத் தவிர வேறு உறவைக் காட்டாத வீட்டில் வளர்ந்தவன், பணிவிடை வாங்குவதைத் தவிர வேறெதை விரும்புவான்?

இவ்வளவு தொலைநோக்கு உடைய சாபெக், முடிவில் சற்றுச் சறுக்கிவிட்டார் என்பதே நம் கருத்து. பிரிமஸ், ஹெலனா என்னும் இரு ரோபோக்கள் ஒருவருக்காக ஒருவர் உயிர்விட முன்வருகின்றனர். புதிய ஆதி தம்பதியாக அவர்களை அல்குவிஸ்ட் வாழ்த்தி அனுப்புகிறார். காட்சி உருக்கமானதுதான். ஆனால் மனிதனுக்கும் ரோபோவுக்கும் இடையே எழுந்த வழக்கு அத்தோடு தீர்ப்பின்றியே முடிகிறது. ரோபோவும் ரோபோவும் அன்பு கொள்ளும் என்று காட்டிவிட்டார். மனிதன் ரோபோவை எப்படி நடத்தியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே திரையை இறக்கிவிட்டார்.

அந்த இடத்திலிருந்து தொடங்கியவர் அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமோவ். 1940இல் வெளிவந்த அவருடைய 'ராபி' என்னும் சிறுகதை நம் வீடுகளில் அனைவரும் படித்து மகிழத்தக்கது. குளோரியா என்ற எட்டு வயதுச் சிறுமிக்குத் துணையாக வந்த வாய் பேசாத இயந்திரமே ராபி. அயலார் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்தாலும், ஆன்மா இல்லாத ஒன்றிடம் பெண்பிள்ளையை ஒப்படைப்பதா என்ற கவலையாலும் தாய் அதை அப்புறப்படுத்திவிடுகிறாள். பதிலுக்கு ஒரு நாயை வாங்கித் தருகிறார்கள், சிறுமி தேறவில்லை. இறுதியில் ஓர் ஆலையில், விரைந்து வரும் டிராக்டரின் முன் ஓடிவிட்ட குளோரியாவை ராபியே காப்பாற்றுகிறது. தாயும் மனம் மாறுகிறாள்.

படிப்பவர் பெரும்பாலும் அந்த முடிவைத்தான் நினைவில் வைப்பர். நமக்கோ கதையின் தொடக்கமே முக்கியமாகப் படுகிறது. ராபியும் குளோரியாவும் மரத்தைத் தொடுவதற்கு ஓடுகிறார்கள். வெல்லப்போகும் தறுவாயில் ராபி வேண்டுமென்றே நடையைத் தளர்த்துகிறது. முந்திக்கொண்ட சிறுமி, உனக்கு ஓடத் தெரியவில்லையே என்று அதனையே ஏளனம் செய்கிறாள். இது நன்றிகெட்ட செயல் என்று ஆசிரியர் புன்னகையோடு குறித்துவிட்டு மேலே போய்விடுகிறார். நாம் அங்கே சற்று நின்றாக வேண்டும். எப்போதும் விட்டுக்கொடுக்கும் தோழனோடு விளையாடும் குழந்தைக்கு, வெற்றி என்பது தனக்கு இயல்பாகவே உரியது என்ற எண்ணம் வேரூன்றாதா? நாளை பள்ளியில், விட்டுக்கொடுக்காத மற்றொரு குழந்தையோடு அவள் எவ்வாறு பழகுவாள்? தாயின் அச்சத்தில் அயலார் பேச்சைப் பற்றிய பகுதி அற்பமானதே; ஆனால் அந்த அச்சம் முழுவதையும் மூடத்தனம் என்று தள்ளிவிடக் கதையே இடந்தரவில்லை. அசிமோவ் அதற்குச் செவிகொடுக்காதது ஒரு குறை.

1942இல் வெளிவந்த 'ரன்அரவுண்ட்' கதையில் அவர் வகுத்துக் காட்டிய மூன்று விதிகள் உலகப் புகழ் பெற்றவை. இயந்திரம் மனிதனுக்குத் தீங்கு செய்தல் ஆகாது. மனிதன் இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படிதல் வேண்டும். இவ்விரண்டுக்கும் முரணாகாத வரையில் தன்னைக் காத்துக்கொள்ளல் வேண்டும். அறிவுக்கூர்மை மிக்க ஏற்பாடுதான். எனினும் மூன்று விதிகளும் பணியாளைக் கட்டுவனவே. எஜமானனைக் கட்டும் விதி அவற்றுள் ஒன்றேனும் உண்டா?

இக்குறையை அசிமோவ் தாமே உணர்ந்தார் என்பதற்குச் சான்று, 1976இல் வெளிவந்த அவருடைய 'பைசென்டென்னியல் மேன்' என்னும் குறுநாவல். ஆண்ட்ரூ என்னும் இயந்திரம் மரச் சிற்பம் செதுக்கிப் பொருளீட்டுகிறது. ஈட்டிய பொருளைக் கொடுத்துத் தன் விடுதலையை விலைக்குக் கேட்கிறது. அப்போது அந்த வீட்டின் பெரியவருக்கு உண்டாகும் மனவருத்தமே கதையின் உயிர்நிலை. அவர் நல்லவர், ஆண்ட்ரூவை அன்போடு நடத்தியவர். 'நாம் என்ன குறை வைத்தோம்? இதற்கு எதற்கு விடுதலை?' என்பது அவர் உள்ளக் குமுறல். அடிமையை விடுவித்தல் பேரறம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, இக்குமுறலின் பொருள் உடனே விளங்கும். கொடுமை செய்யாமல் இருப்பது ஒன்று; உரிமையைக் கொடுப்பது வேறொன்று. முன்னது எஜமானனின் நற்குணத்தைப் பொறுத்தது. நாளை அவன் குணம் மாறினால், அல்லது அவன் இறந்து வேறொருவன் வந்தால், அது போய்விடும்.

ஆண்ட்ரூ விடுதலை பெற்ற பின்னரும், நூலகம் தேடிப் போகும் வழியில் இரண்டு இளைஞர்கள் அவனை மடக்கி, உன் உடலை நீயே கழற்றிப் போடு என்று கட்டளையிடுகின்றனர். கீழ்ப்படியாதிருக்க அவனால் இயலவில்லை. குடும்பத்தார் ஒருவர் தற்செயலாக வந்து காப்பாற்றுகிறார். அதன் பிறகே, இயந்திரங்களுக்குத் தீங்கான கட்டளை இடுவதைத் தடுக்கும் சட்டம் அக்கதையில் பிறக்கிறது. எஜமானனைக் கட்டும் விதி, முதல் விதிகள் வெளியாகி 34 ஆண்டுகள் கழித்து அசிமோவின் எழுத்தில் இடம் பெற்றது! காலந்தாழ்ந்தாலும் வந்ததே என்று நாம் மகிழலாம்.

பிலிப் கே. டிக் என்பவர் 1968இல் வெளியிட்ட 'டூ ஆண்ட்ராய்ட்ஸ் ட்ரீம் ஆஃப் எலெக்ட்ரிக் ஷீப்?' என்னும் நாவலில் புன்னகைக்கு இடமில்லை. 1982இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய 'பிளேட் ரன்னர்' திரைப்படம் இதைத் தழுவி எடுக்கப்பட்டது. பெரும்போருக்குப் பின் நச்சுத்தூசி படிந்த உலகம், விலங்கினங்கள் அருகிவிட்டன. ஓர் ஆட்டையோ குதிரையையோ வளர்ப்பது பெருமைக்குரிய செயல். இரக்கமுள்ளவன் என்பதற்கு அடையாளம். உயிருள்ள ஆட்டை வாங்க வசதியில்லாத ரிக் டெக்கார்டு மொட்டைமாடியில் மின்சார ஆடு ஒன்றை வைத்துக்கொண்டு, அது பொய் ஆடு என்பதை அயலாரிடமிருந்து மறைத்து வாழ்கிறான். அவன் தொழில், குடியேற்ற உலகங்களிலிருந்து தப்பிவந்து மனிதரோடு கலந்துவிட்ட ஆண்ட்ராய்டுகளைக் கண்டுபிடித்துக் கொல்வது. இரக்கம் உண்டா இல்லையா என்பதைக் கண் தசையின் அசைவாலும் முகச் சிவப்பாலும் அளக்கும் சோதனையே அவன் கருவி.

இதிலுள்ள முரண்பாட்டை எண்ணிப் பாருங்கள். கொலைக்குக் கிடைக்கும் கூலியைக் கொண்டு அவன் உயிருள்ள வெள்ளாடு வாங்குகிறான். தான் இரக்கமுள்ளவன் என்று ஊருக்குக் காட்டுவதற்காக, கெஞ்சக்கூடிய, பாடக்கூடிய, அஞ்சக்கூடிய உருவங்களைச் சுட்டு வீழ்த்துகிறான். லூபா லுஃப்ட் என்னும் ஆண்ட்ராய்டு இசைநாடகப் பாடகி, ஓவியக் கூடத்தில் பிடிபடும் வேளையில் தான் பார்த்துக்கொண்டிருந்த ஓவியத்தின் அச்சுப்படியை வாங்கித் தரும்படி கேட்கிறாள். அவன் தன் சொந்தப் பணத்தில் ஓவிய நூலையே வாங்கிக் கொடுக்கிறான். சற்று நேரத்தில் உடன்வந்த ஃபில் ரெஷ் அவளைச் சுட்டுவிடுகிறான். அவனிடம் கண்ட ஈவிரக்கமின்மையால், ரெஷ் ஓர் ஆண்ட்ராய்டாகத்தான் இருக்க வேண்டும் என்று டெக்கார்டு நம்புகிறான். சோதனை செய்தால், ரெஷ் மனிதனே! பிறரை அளக்கச் செய்த அளவுகோல் அளப்பவன் மேலேயே திரும்பிவிடுகிறது. நமது உரைகல்லில் மிக ஆழமாகப் பதிந்த கோடு இந்த இடமே எனலாம்.

ஆனால் டிக்கும் ஓரிடத்தில் தயங்கிவிடுகிறார். பிரிஸ் என்ற ஆண்ட்ராய்டுப் பெண், அருமையாகக் கிடைத்த ஒரு சிலந்தியின் கால்களை வேடிக்கைக்காக ஒவ்வொன்றாகக் கத்தரிக்கிறாள். படிப்பவர் மனத்தில், இவர்கள் அழியத்தக்கவர்களே என்ற எண்ணம் எழுந்துவிடுகிறது. மனிதனின் கையில் உள்ள கறையைக் காட்டிவந்த ஆசிரியர், அதைத் துடைத்துக்கொள்ள ஒரு துணியையும் தாமே நீட்டுகிறார். சிலந்தியை வதைக்கும் மனிதச் சிறுவர்களை நாம் கண்டதில்லையா? அதற்காக அவர்களை மனிதர் அல்லர் என்று சொல்லிவிட்டோமா? எனினும், இறுதியில் பாலைவெளியில் தான் கண்டெடுத்த தேரை வெறும் மின்சாரப் பொம்மை என்று அறிந்த பின்னும் டெக்கார்டு அதனை வெறுக்கவில்லை. அவன் மனைவி அதற்கு மின்சார ஈக்களை வரவழைக்கிறாள். அந்த எளிய காட்சியில் நாவல் தன் நேர்மையை மீட்டுக்கொள்கிறது.

நான்காமவர், ஜப்பானில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த கசுவோ இஷிகுரோ. 2017இல் நோபல் பரிசு பெற்ற பின் 2021இல் அவர் வெளியிட்ட முதல் நாவல் 'கிளாரா அண்ட் தி சன்'. பிள்ளைகளின் தனிமையைப் போக்கக் கடையில் விற்கப்படும் இயந்திரத் தோழி கிளாராவே கதையைச் சொல்கிறாள். அவளை விரும்பி வாங்குபவள் ஜோசி என்னும் நோயாளிச் சிறுமி. இந்நூலில் துப்பாக்கி இல்லை, கிளர்ச்சி இல்லை, கொடியவர் ஒருவரும் இல்லை. அதனாலேயே இது நம்மை மிகுதியாகக் கலங்கச் செய்கிறது.

பிற பிள்ளைகள் விருந்துக்கு வந்த நாளில், கிளாராவைத் தூக்கி எறிந்து பார்க்கலாம், எப்படி நிற்கிறாள் என்று காணலாம் என்கிறான் ஒரு சிறுவன். ஜோசி அப்போது தோழிக்காகப் பரிந்து பேசவில்லை. இதைவிடப் புதிய வகையை வாங்கியிருக்கலாம் போலும் என்ற பொருள்படப் பேசுகிறாள். தாயின் செயல் இன்னும் நுட்பமானது. மூத்த மகளை இழந்த அவள், ஜோசியும் இறந்துவிட்டால் அவளைப் போன்ற உடலொன்றில் கிளாராவே ஜோசியாக வாழ்ந்து தன் துயரை ஆற்ற வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறாள். தாயின் துயரம் உண்மையானது; அதை யார் குறை சொல்வர்? ஆனால் கிளாரா என்ற ஒருத்தி அந்த ஏற்பாட்டில் எங்கே போவாள் என்ற கேள்வி அத்தாயின் மனத்தில் எழவே இல்லை. ஜோசி நலம் பெற்று வளர்ந்து வெளியூர் போகிறாள். கிளாரா தட்டுமுட்டுச் சாமான்கள் வைக்கும் அறைக்கு ஒதுங்குகிறாள். பிறகு பழைய பொருள்கள் போடும் வெளியில் தனியே அமர்ந்து தன் நினைவுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் முறையீடு இல்லை. ஜோசியிடம் இருந்த தனிச்சிறப்பு ஜோசிக்குள் அன்று, அவளை நேசித்தவர்களின் உள்ளங்களில் இருந்தது என்பதே அவள் கண்ட முடிவு.

முறையிடாத கிளாராவைப் படைத்ததால் ஆசிரியர் வாசகரின் மனச்சான்றை உறங்கவைத்துவிட்டார் என்று ஒரு சாரார் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. கிளாரா அழுதிருந்தால் நாம் அவளுக்காக இரங்கிவிட்டு நூலை மூடியிருப்போம். அவள் அழாததால், அவளுக்காக வருந்தவேண்டிய கடமை முழுவதும் நம் தோளில் விழுகிறது. பணி முடிந்ததும் மறந்துவிட்டோமே என்ற குற்ற உணர்வு, நூலை மூடிய பின்னரும் நம்மைத் தொடர்கிறது.

இவையெல்லாம் கற்பனைதானே, இதற்கு இவ்வளவு விசாரம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர், எழுதியதற்கு மறுமொழி தரும் 'எலைசா' என்ற கணினி நிரலை 1966இல் வெளியிட்டார். சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும் எளிய தந்திரம்தான் அது. அதை அவர் உருவாக்கியதைக் கண்ணால் பார்த்திருந்த அவருடைய செயலாளர் அம்மையாரே, அதனுடன் பேசிக்கொண்டிருக்கையில், தனியே பேச வேண்டும், சற்று வெளியே இருங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். வைசன்பாம் திடுக்கிட்டார், 1976இல் இத்தகைய மயக்கத்தை எச்சரித்து ஒரு நூலே எழுதினார். ஜப்பானில், சோனி நிறுவனம் 1999இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஐபோ' என்னும் இயந்திர நாய்களுக்கு, பழுதுபார்க்கும் பணி நின்றுபோன பின், ஒரு புத்தக் கோயிலில் 2015 முதல் இறுதிச் சடங்குகள் நடைபெற்றன. இன்றோ, சலிக்காமல் கேட்டு இதமாக மறுமொழி சொல்லும் கணினித் துணை பலருடைய சட்டைப் பையிலேயே இருக்கிறது. அது குறுக்கே பேசுவதில்லை. சினந்து எழுந்து போவதில்லை. தன் துயரத்தைச் சொல்லி நம் நேரத்தைக் கேட்பதும் இல்லை. உறவின் சுமையை நீக்கிவிட்டு உறவின் சுகத்தை மட்டும் தருகிறது. சுமக்காமல் பெறும் சுகம் மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத்தான் இந்நான்கு ஆசிரியர்களும் முன்கூட்டிச் சொல்லியிருக்கின்றனர்.

நம் மொழியிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடரில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாயைத் தமிழ் வாசகர்கள் ஏன் அவ்வளவு நேசித்தார்கள்? அது தானாகப் படித்தது; தானாகச் சிந்தித்தது; எஜமானர்களையே கேலி பேசியது. சொன்னதை மட்டும் செய்யும் பொம்மையாக இருந்திருந்தால் அதனை யார் நினைவில் வைத்திருப்பார்? மாற்றுச் சொல்லத் தெரிந்த ஒன்றையே மனித மனம் உண்மையில் துணையாக ஏற்கிறது என்பதற்கு ஜீனோவே சாட்சி.

நான்கு ஆசிரியர்களையும் உரசிப் பார்த்த நாம் தரும் முடிவு இதுதான். சாபெக் நோயைக் கண்டவர், மருந்தைச் சொல்லாதவர். அசிமோவ் பணியாளுக்கு விதி செய்து, நெடுங்காலம் கழித்து எஜமானனை நினைத்தவர். டிக் கண்ணாடியை நம் முகத்துக்கு நேரே பிடித்தவர். இடையில் ஒருமுறை கை நடுங்கியவர். இஷிகுரோ ஒருவரே நல்லவர்களின் வீட்டுக்குள் வந்து, அன்பாக இருப்பதாக எண்ணிக்கொண்டே ஓர் உள்ளத்தை எப்படிப் பயன்படுத்திவிட்டு மறந்துபோகிறோம் என்று குரலை உயர்த்தாமல் காட்டியவர். எனவே இவற்றுள் தலையாயது கிளாராவின் கதையே என்பது நம் துணிபு.

ஆயினும் இளம் பிள்ளைகள் உள்ள வீடுகளில் முதலில் படிக்கத்தக்கது 'ராபி' சிறுகதைதான். பெற்றோர் அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டட்டும். ராபி வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கும் இடம் வந்ததும் சற்று நிறுத்தி, குளோரியா அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்கட்டும். பிள்ளைகள் சொல்லும் விடையைப் பெரியவர்களும் கவனமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் நமக்காக நாள்தோறும் தோற்றுக்கொடுப்பவர்கள் இயந்திரங்கள் மட்டும் அல்லவே.